பட்டப்பகலில் விளக்கு எதற்கு?

பட்டப்பகல். வெயில் கொளுத்துகிறது. காரைக்குடி நூறடிச் சாலையில் நீங்கள் மோட்டார் சைக்கிளில் சென்றுகொண்டிருக்கிறீர்கள். எதிரே வருகின்ற பெரியவர் ஒருவர் கையை உயர்த்தி, ஐந்து விரல்களையும் குவித்து விரித்துக் காட்டுகிறார். "உங்கள் வண்டியில் விளக்கு எரிகிறது, அணைத்துவிடுங்கள்" என்பது அந்தச் சைகையின் பொருள். முன்பின் அறியாத ஒருவருடைய பாட்டரி தீர்ந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் எழுந்த சைகை அது. நம் ஊர்ச் சாலைகளில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் பண்பு.

ஆனால் அணைப்பதற்குத்தான் இன்று வழியில்லை. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து நம் நாட்டில் தயாரிக்கப்படும் இருசக்கர வாகனங்களில், இயந்திரம் ஓடத் தொடங்கியதுமே முகப்பு விளக்கு தானாக எரியத் தொடங்கிவிடுகிறது. அதை அணைக்கும் சுவிட்சே அந்த வண்டிகளில் இல்லை. கார்களுக்கு இத்தகைய கட்டாயம் இந்தியாவில் இல்லை. எனினும், புதிய கார்கள் பலவற்றில் முகப்பு விளக்கின் ஓரத்தில் புருவம் தீட்டியதுபோல ஒரு வெண்ணிற விளக்கு பகல் முழுவதும் ஒளிர்வதைக் காண்கிறோம். விற்பனையாளர்கள் அதை 'டி.ஆர்.எல்.' என்கிறார்கள். நாம் 'பகல் விளக்கு' என்றே சொல்வோம்.

வெளிச்சம் நிறைந்து கிடக்கும் வேளையில் விளக்கு எதற்கு? இது அலங்காரமா, அவசியமா? நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் ஒரு படி மேலே சென்று, "இது இஸ்ராஃப் அல்லவா? வீண் விரயம் அல்லவா?" என்று கேட்கிறார்கள். மார்க்கப் பற்றுள்ள ஒரு குடும்பத்தில் எழ வேண்டிய கேள்விதான். ஆகவே அதை ஒதுக்கித் தள்ளாமல், இதன் நன்மை தீமைகளைச் சற்று நிதானமாகச் சிந்தித்துப் பார்ப்போம்.

விளக்கின் இரண்டு வேலைகள்

விளக்கு என்றதும், நாம் பார்ப்பதற்கு உதவுவது என்றே எண்ணிப் பழகிவிட்டோம். இரவில் பாதையைக் காட்டும் முகப்பு விளக்கு அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் விளக்குக்கு மற்றொரு வேலையும் உண்டு. கடற்கரையில் நிற்கும் கலங்கரை விளக்கம் எதையும் பார்ப்பதற்காக எரிவதில்லை. "நான் இங்கே நிற்கிறேன்" என்று கடலில் வருபவனுக்கு அறிவிப்பதற்காகவே எரிகிறது. பகல் விளக்கும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். ஓட்டுபவருக்கு அதனால் ஒன்றும் புதிதாகத் தெரியப்போவதில்லை. எதிரே வருபவருக்கும், சாலையைக் கடக்க நிற்பவருக்கும் அவர் வருவது தெரிகிறது.

இந்தத் தெரிதல் ஒரு நொடி முன்னதாக நிகழ்ந்தால் என்ன ஆகும்? கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் தூரத்தைக் கடந்துவிடுகிறது. அதே வேகத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒரு நொடியில் 33 மீட்டர் நெருங்கிவிடுகின்றன. முந்தலாமா, பொறுக்கலாமா என்ற முடிவை ஓட்டுநர் எடுப்பது அந்த ஒரு நொடியில்தான்.

பனி நாடுகளில் பிறந்த வழக்கம்

இந்த வழக்கம் வட ஐரோப்பாவில் தோன்றியது. அங்கே குளிர்காலத்தில் சூரியன் தொடுவானத்தை விட்டு அதிகம் எழுவதில்லை. பகல் முழுவதும் அந்திபோல மங்கலாகவே கழியும். பின்லாந்து 1972ஆம் ஆண்டில் குளிர்காலத்தில் ஊர்ப்புறச் சாலைகளுக்கு இதை விதித்தது. சுவீடன் 1977 அக்டோபர் முதல் தேதியிலிருந்து ஆண்டு முழுவதற்கும் கட்டாயமாக்கியது. பின்னர் நார்வே, ஐஸ்லாந்து, டென்மார்க் ஆகிய நாடுகள் பின்பற்றின. கனடா 1989 இறுதியிலிருந்து தயாரான புதிய கார்களுக்கு இதை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பிப்ரவரி முதல் புதிதாக அறிமுகமாகும் கார் வகைகளுக்கும், 2012 ஆகஸ்ட் முதல் லாரி, பேருந்து வகைகளுக்கும் தனிப் பகல் விளக்கு கட்டாயமாயிற்று.

பலன் எவ்வளவு? பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த நார்வே நாட்டு அறிஞர் ரூனே எல்விக், 1996ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டார். பகலில் விளக்கெரியும் கார்கள் பிற வாகனங்களுடன் மோதும் விபத்துகளில் சிக்குவது 10 முதல் 15 விழுக்காடு வரை குறைகிறது என்பதே அது. அற்புதம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தக் குறைவுக்குள் இருப்பவை மனித உயிர்கள்.

"அது பனி கொட்டும் தேசம். நம் வெயிலுக்கு இது பொருந்துமா?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை, நம் குடும்பங்களுக்கு மிகவும் பழக்கமான ஒரு நாட்டில் இருக்கிறது.

சிரம்பானில் கண்ட பலன்

நம் வட்டாரத்தில் சபராளிகள் இல்லாத தெரு உண்டா? இளையான்குடியிலும் தேவகோட்டையிலும் காரைக்குடியிலும் எத்தனையோ வீடுகளில் அத்தாவோ மாமாவோ மச்சானோ மலேசியாவில் உழைத்தவர்களாக இருப்பார்கள். அந்த மலேசியா, நம்மைப் போலவே வெயிலும் மழையும் மிகுந்த நாடு. மோட்டார் சைக்கிள்கள் பெருகிய நாடும்கூட. அங்கே 1992ஆம் ஆண்டிலேயே, மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட வேண்டும் என்ற சட்டம் வந்துவிட்டது. சிரம்பான், ஷா ஆலம் ஆகிய நகரங்களில் அதன் விளைவு ஆராயப்பட்டது. வண்டி வருவது பிறர் கண்ணுக்குப் படாததால் நேரும் விபத்துகள் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்திருந்தன. சிங்கப்பூரும் 1995இல் அதே சட்டத்தைக் கொண்டுவந்தது.

நம் நாட்டுக்கு அந்தச் சிந்தனை 2017இல்தான் வந்து சேர்ந்தது. அதன் அவசியத்தை அறிய, மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கைப் பார்த்தால் போதும். அந்த ஓராண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். 32,825 பேர் பாதசாரிகள். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் பெற்ற மாநிலம் நம் தமிழகம். மொத்தம் 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். ஒவ்வொரு மரணமும் ஒரு வீட்டில் ஜனாஸாவாகக் கிடத்தப்பட்ட ஒரு மகன், ஒரு தகப்பன், ஒரு தாய் என்பதை எண்ணிப் பாருங்கள்.

எவரிடமும் சொல்லாத ஒன்று

இந்த இடத்தில், இதுவரை நான் எவரிடமும் சொல்லாத ஒன்றை வாசகர்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

2017ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நான் புதிய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினேன். வீட்டிலிருந்து மதரஸாவுக்குப் போய்ச் சேருவதற்குள் நாலு பேராவது, "ஹஜ்ரத், லைட் எரியுது!" என்று சொல்லிவிடுவார்கள். தொடக்கத்தில் நின்று விளக்கம் சொன்னேன். பிறகு சலித்துவிட்டது. என் தாயாரோ, "பகலிலே விளக்கெரித்தால் வீட்டில் பரக்கத் தங்காது" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு மெக்கானிக்கிடம் சென்று, கைப்பிடியின் அருகே சிறு சுவிட்ச் ஒன்றை வைக்கச் சொன்னேன். கால் மணி நேர வேலை. அன்று முதல் பகலில் விளக்கை அணைத்தே வண்டி ஓட்டினேன். தயாரிப்பாளர் அமைத்துத் தந்த அமைப்பை உரிமையாளர் தம் விருப்பத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடை செய்கிறது என்பதையெல்லாம் அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

2018 ஜனவரியில் ஒரு மாலை. அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு, சிறப்பு வகுப்பு முடிந்த என் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துக்கொண்டு கிழக்கு நோக்கி வந்துகொண்டிருந்தேன். திருப்பத்தூர்ச் சாலையிலிருந்து பிரியும் கிளைச் சாலை அது. இருபுறமும் பழைய புளிய மரங்கள். சூரியன் என் முதுகுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. எதிரே வந்த மினி பஸ்ஸை முந்துவதற்காக ஒரு கார் வெளியே வந்தது. நான் வருவதை அதன் ஓட்டுநர் காணவில்லை என்பது, அவர் வேகம் குறையாமல் வந்ததிலேயே தெரிந்துவிட்டது. வண்டியைச் செம்மண் ஓரத்தில் இறக்கினேன். சறுக்கி விழுந்தோம். எனக்குச் சிராய்ப்புகளோடு போயிற்று. மகளின் முழங்கை எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. அல்ஹம்துலில்லாஹ், அதற்கு மேல் ஒன்றும் நேரவில்லை.

காரை நிறுத்திவிட்டு ஓடி வந்த அந்த மனிதர் வயதில் என்னைவிட மூத்தவர். பிள்ளையைத் தம் கையாலேயே தூக்கிக் காரில் கிடத்தி மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். "வெயில் கண்ணிலே குத்தியது. மர நிழலில் நீங்கள் வந்தது எனக்குத் தெரியவே இல்லை. ஒரு விளக்கு தெரிந்திருந்தால்கூட முந்தியிருக்க மாட்டேன்" என்று கலங்கிய குரலில் திரும்பத் திரும்பச் சொன்னார். என்னிடம் மன்னிப்பும் கேட்டார்.

நான் தலையை அசைத்தேன். சுவிட்சைப் பற்றிச் சொல்லவில்லை. அவசரப்பட்டு முந்தியது அவருடைய தவறுதான். ஆனால் அவருக்கு என்னைக் காட்டியிருக்கக்கூடிய விளக்கை அணைத்து வைத்திருந்தவன் நான். அந்த உண்மையை அவரிடம் மறைத்து, முழுப் பழியையும் அவர் தலையில் சுமத்தி அனுப்பிவிட்டேன். மறுநாள் அந்தச் சுவிட்சைக் கழற்றி எறிந்தேன். அவரிடம் சொல்லாமல் விட்ட சொல் இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

பிறகு யோசித்தபோதுதான் நம் வெயிலைப் பற்றி ஒன்று விளங்கிற்று. வெயில் கடுமையாக இருக்க இருக்க நிழலும் கடுமையாகிறது. வெயிலுக்குப் பழகிய கண், மரநிழலுக்குள் வரும் கருநிற வண்டியைப் பிடித்துக்கொள்ளச் சற்று நேரம் எடுக்கிறது. சூரியனைப் பார்த்து ஓட்டுபவருக்கோ எதிரே வருவதெல்லாம் வெறும் நிழலுருவம். மார்கழிப் பனி, ஐப்பசி மழை, செம்மண் புழுதி ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால், பகல் விளக்குக்கு நம் சீமையிலும் வேலை இருக்கிறது என்பது புரியும்.

மறுபக்கத்தையும் பார்ப்போம்

இவ்வளவு நன்மை சொன்ன பிறகு தீமைகளை மறைப்பது நீதியாகாது. பகல் விளக்கை எதிர்ப்பவர்களிடமும் வலுவான வாதங்கள் உள்ளன.

ஆஸ்திரியா நாடு 2005ஆம் ஆண்டில் பகலில் விளக்கெரிப்பதைக் கட்டாயமாக்கியது. ஆனால் 2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒளிரும் கார்கள் ஓட்டுநரின் கவனத்தை இழுத்துக்கொண்டால், விளக்கில்லாத பாதசாரியும் சைக்கிளில் செல்பவரும் கவனத்திலிருந்து விடுபட்டுப் போவார்கள் என்ற அச்சமே அதற்கு ஒரு முக்கிய காரணம். மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களுக்கும் இதே மனக்குறை உண்டு. எல்லாக் கார்களும் ஒளிரும்போது, நடுவே வரும் ஒற்றை விளக்கு தனித்துத் தெரிவதில்லை என்கிறார்கள்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் எல்லாக் கார்களுக்கும் பகல் விளக்கைக் கட்டாயமாக்க வேண்டும் என்று 2001இல் அரசிடம் மனுச் செய்தது. அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒட்டுமொத்தமாகப் பார்க்கையில் உறுதியாகச் சொல்லத்தக்க பலன் எதுவும் தென்படவில்லை. 2009இல் மனு தள்ளுபடியாயிற்று. ஆகவே, எல்லா நாட்டிலும் ஒரே அளவு பலன் கிடைக்கும் என்று எவரும் அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது.

மூன்றாவது குறை, நம் வீடுகளில் கார் வைத்திருப்போர் அவசியம் அறிய வேண்டியது. பல கார்களில் பகல் விளக்கு எரியும்போது பின்புறச் சிவப்பு விளக்கு எரிவதில்லை. அந்தி மயங்கும் வேளையில் முன்னே வெளிச்சம் தெரிவதால், முகப்பு விளக்கைப் போட்டுவிட்டோம் என்றே ஓட்டுபவர் எண்ணிவிடுகிறார். காரின் பின்புறமோ இருளில் கிடக்கிறது. பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு அந்தக் கார் தெரியாது.

நான்காவது குறை, கண்கூச்சம். முறையான பகல் விளக்கு கண்ணைக் கூசச் செய்யாது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் 87ஆம் எண் விதி அதன் ஒளிச்செறிவை 400 முதல் 1,200 கேண்டலா வரை என்று வரையறுத்திருக்கிறது. ஒரு மெழுகுவத்தியின் ஒளியே ஏறத்தாழ ஒரு கேண்டலா. முகப்பு விளக்கின் உயர் ஒளியோ பல்லாயிரம் கேண்டலாவைத் தாண்டும். தொல்லை எங்கிருந்து வருகிறது என்றால், கடைகளில் விலை மலிவாக வாங்கிப் பொருத்தும் எல்.இ.டி. பட்டைகளிலிருந்தும், பகலிலும் 'ஹை பீம்' போட்டுக்கொண்டு வருவோரிடமிருந்தும்தான். சிலர் நீலமும் சிவப்புமாக மின்னும் விளக்குகளை முன்னால் பொருத்துகிறார்கள். வண்டியின் முன்புறம் சிவப்பு விளக்குக் காட்டுவதை மத்திய மோட்டார் வாகன விதிகளே தடை செய்கின்றன.

விரயம் என்ற கேள்விக்கு விடை

இப்போது பெரியவர்களின் கேள்விக்கு வருவோம். செலவு எவ்வளவு? பழைய ஹாலோஜன் முகப்பு விளக்குகள் இரண்டும் எரிந்தால் 110 வாட் மின்சாரம் வேண்டும். அதைத் தருவதற்கு இயந்திரம் சற்றுக் கூடுதலாக எரிபொருள் குடிக்கும். பல்புகளும் விரைவில் பழுதாகும். தனியாக அமைந்த எல்.இ.டி. பகல் விளக்குகளோ இரண்டும் சேர்ந்து 10 முதல் 20 வாட்டுக்குள் அடங்கிவிடும். இயந்திரம் ஓடும்போது பாட்டரி தொடர்ந்து மின்னேற்றம் பெற்றுக்கொண்டே இருப்பதால், நல்ல நிலையிலுள்ள வண்டியில் இதனால் பாட்டரி தீர்ந்துவிடும் என்ற கவலையும் வேண்டியதில்லை.

இஸ்ராஃப் என்பது பயனின்றிச் செலவிடுவது. ஓர் உயிரைக் காக்கும் வாய்ப்புள்ள சிறு செலவை எப்படி விரயம் என்பது? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதையே ஈமானின் கிளைகளுள் ஒன்றாக எண்ணினார்கள். பாதையோரம் அமர்ந்திருந்த தோழர்களிடம், பாதைக்கு அதன் உரிமையைக் கொடுக்குமாறு பணித்தார்கள். பிறருக்குத் தொல்லை தராமல் இருப்பதையும், ஸலாமுக்குப் பதில் சொல்வதையும் அந்த உரிமைகளுள் சேர்த்துச் சொன்னார்கள். எதிரே வருபவருக்கு ஸலாம் சொல்கிறோம். என்னால் உமக்குத் தீங்கில்லை என்ற உறுதியும் அதில் அடங்கியிருக்கிறது. "நான் வருகிறேன், கவனமாக இருங்கள்" என்று முன்னறிவிக்கும் விளக்கும் அந்த உணர்வோடு எரிய வேண்டும்.

அதே அளவுகோலை மறுபுறமும் வைத்துப் பாருங்கள். பிறர் நலனுக்காக எரிவது நன்மை என்றால், பிறர் கண்ணைக் குருடாக்க எரிவது தொல்லை. பெருமைக்காக மட்டும் மின்னுவது விரயம். விளக்கு ஒன்றுதான். எதற்காக, எவ்வாறு எரிகிறது என்பதில்தான் தீர்ப்பு இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

மோட்டார் சைக்கிளில் தானாக எரியும் விளக்கை அணைக்கச் சுவிட்ச் வைக்காதீர்கள். கறுப்புத் தாள் ஒட்டியும் மறைக்காதீர்கள். பகலிலும், ஊருக்குள் இரவிலும் தாழ்ந்த ஒளியிலேயே ஓட்டுங்கள்.

காரில் பகல் விளக்கு இருந்தால், அந்தியில் அது போதும் என்று இருந்துவிடாதீர்கள். மக்ரிப் பாங்கு ஒலிக்கும்வரை காத்திராமல், வெயில் மஞ்சளிக்கத் தொடங்கியதுமே முகப்பு விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். மழையிலும் பனியிலும் அப்படியே. ஒரு முறை வண்டியை நிறுத்தி, இறங்கிப் பின்னால் சென்று, சிவப்பு விளக்கு எப்போது எரிகிறது என்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

பகல் விளக்கு இல்லாத பழைய காராக இருந்தால், வெளியிலிருந்து எதையும் வாங்கிப் பொருத்த வேண்டாம். மரமடர்ந்த சாலையிலும், மழையிலும், சூரியன் தாழ்ந்த வேளையிலும் முகப்பு விளக்கைத் தாழ்ந்த ஒளியில் எரியவிட்டாலே போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விளக்கில்லாதவர்களை மறவாதீர்கள். ஸுப்ஹுக்குப் பள்ளிவாசலை நோக்கி நடக்கும் முதியவரிடம் விளக்கு இல்லை. கிதாபை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மதரஸாவுக்கு ஓடிவரும் பிள்ளையிடமும் இல்லை. நம் வண்டியில் விளக்கு எரிகிறது, அவர்கள்தாம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று எண்ணிவிடலாகாது. விடிவதற்கு முன் நடக்கும் பெரியவர்களுக்கு வெளிர்நிற ஆடையும், கையில் ஒரு சிறு டார்ச்சும் கொடுத்து அனுப்புவது வீட்டாரின் கடமை.

பயணம் புறப்படும்போது துஆ ஓதுகிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அதன்பின் இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கும்படி கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். விளக்கைச் சரிபார்ப்பதும் அந்தக் கட்டுதலில் ஒரு முடிச்சுதான்.

அடுத்த முறை எவரேனும் விரல்களைக் குவித்து விரித்துக் காட்டினால் சலித்துக்கொள்ளாதீர்கள். புன்னகையோடு தலையசையுங்கள். நேரமிருந்தால் நின்று, எதற்காக எரிகிறது என்று அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். நான் அதைச் செய்யச் சலித்துத்தான் சுவிட்ச் வைத்தேன்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களையும், நம்மை எதிர்கொண்டு வருவோரின் பயணங்களையும் பாதுகாப்பானவையாக ஆக்கி, அனைவரையும் நலமுடன் வீடு சேர்ப்பானாக! ஆமீன்.